எந்த வழியா, டீச்சர்?

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கணக்கு டீச்சர் நேரத்தை மீறினால் நன்றாக இருக்காது.

பொன்மலையில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலம். தேர்வில் ஒரு கணக்கு கொடுத்திருந்தேன். திருச்சியிலிருந்து சென்னை 320 கி.மீ.; ரயிலின் வேகம் மணிக்கு 80 கி.மீ.; பயண நேரம் எவ்வளவு? எல்லாரும் 4 மணி நேரம் என்று எழுத, ஒரு மாணவி மட்டும் 7 என்று எழுதியிருந்தாள். தவறு என்று போட்டேன். விடைத்தாளை வாங்கியதும் மெதுவாகக் கேட்டாள்: "எந்த வழியா, டீச்சர்? நாங்க தஞ்சாவூர் வழியாத்தானே போவோம்?" அவள் அப்பா ரயில்வே பணிமனைத் தொழிலாளி. "கொடுத்த கணக்கை மட்டும் பாரு" என்று அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவள் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவே ஒரு பருவம் ஆனது.

கொடுத்த எண்களுக்கு 4 தான் சரி. ஆனால் அந்த 320 எங்கிருந்து வந்தது? நானே கற்பனையாகப் போட்டது, வகுத்தால் மீதி வராதபடி!

பொன்மலைப் பக்கத்தில் தண்டவாளம் பிரிகிறது. ஒன்று காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி ஸ்ரீரங்கம், அரியலூர், விருத்தாசலம் என்று போகும். இது கார்டு லைன். மற்றது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, கடலூர் என்று சுற்றும் மெயின் லைன். இரண்டும் விழுப்புரத்தில் சேர்கின்றன. எழும்பூர் வரை முதல் வழி சுமார் 337 கி.மீ., இரண்டாவது சுமார் 400. சுற்று வழிதான் பழையது. கார்டு லைன் வந்தது 1920களின் இறுதியில். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை பொன்மலைக்கு வந்ததும் ஏறத்தாழ அதே காலம்தான். பல குடும்பங்களும் அதோடு இங்கே வந்தன.

நேர்க்கோட்டில் அளந்தால் 300 கி.மீ.தான். வரைபடத்தில் ஒரு நூலை நேராக இழுத்தும், இன்னொரு நூலைத் தண்டவாளத்தின் மேல் வளைத்து வைத்தும் பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள். மூன்று தூரங்கள் கிடைக்கும். எதுவும் தவறில்லை.

அடுத்தது நேரம். கார்டு லைனில் வந்தே பாரத் சுமார் 4 மணி நேரத்தில் போகிறது. மெயின் லைனில் சோழன் எக்ஸ்பிரஸுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம். பிரான்சில் பாரிஸ்–லியோன் தூரமும் 400 கி.மீ.க்கு மேல்தான், அதிவேக ரயில் 2 மணி நேரத்தில் போய்விடும். தூரத்தை மட்டும் சொன்னால் நேரம் தெரியாது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு படி மேலே போகலாம். கார்டு லைனில் 4 மணி நேரத்தில் போய், மெயின் லைனில் 7 மணி நேரத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? போகும்போது 84, வரும்போது 57. கூட்டி இரண்டால் வகுத்து எழுபதரை என்பார்கள். நம்மிலும் சிலர் சொல்வோம். மொத்தத் தூரம் 737, மொத்த நேரம் 11, விடை 67. மெதுவான ரயிலில் அதிக நேரம் உட்கார்ந்திருந்தோம் அல்லவா, அதனால்தான் குறைகிறது. சூத்திரம் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

அடுத்த ஆண்டு அந்த மாணவியைக் கரும்பலகைக்கு அழைத்து இரண்டு வழிகளையும் வரையச் சொன்னேன். சிறிது தயங்கினாள். பிறகு விழுப்புரம் வரை ஒவ்வொரு நிலையமாகச் சொல்லிக்கொண்டே வரைந்தாள். எனக்குத் தெரியாத பெயர்களே பாதி.

ரயில் நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஆண்டு அட்டவணையைப் பார்த்துக் கணக்கை அமையுங்கள். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. தேநீர் இடைவேளையில் வாங்கிப் பாருங்கள்.