ஊர் முதலில் சொல்லட்டும்

பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

செட்டிகுளம் மலையில் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணியைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் உங்களில் பலர். நம் பக்கத்தில் ஒரு தேர் நிலையைவிட்டு நகர எத்தனை பேர் கூட வேண்டியிருக்கிறது! கோயில் அறநிலையத்துறையின் பொறுப்பு. தேரின் உறுதிக்குப் பொதுப்பணித்துறை சான்று தர வேண்டும். தெருவின் குறுக்கே போகும் கம்பியை மின்வாரிய ஆட்கள் கழற்ற வேண்டும். மண்டகப்படிச் செலவு உபயதாரருடையது, வடம் ஊருடையது. இவர்களுக்குள் பேச்சு அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் பார்த்தோம். உயரழுத்த மின்கம்பியில் தேர் உரசி 11 உயிர்கள் போயின.

பேச்சு கூடினால் என்ன நடக்கும் என்பதற்குத் திருவாரூர் சாட்சி. அங்கே ஆழித்தேர் 1948க்குப் பிறகு ஓடாமல் நின்றது. கலைஞர் அரசும் வடபாதிமங்கலம் தியாகராஜ முதலியாரும் கைகோத்து 1970இல் அதை மீண்டும் ஓட்டினார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தது திருச்சி பெல் ஆலை.

கங்கைகொண்டசோழபுரம் நமக்கு இன்னும் நெருக்கம். அங்குள்ள கோயில் 2004 முதல் உலக மரபுச் சின்னம், மத்திய தொல்லியல் துறையின் காவலில் இருப்பது. ராஜேந்திர சோழன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டை 2014இல் முன்னின்று கொண்டாடியவர்கள் அந்த வட்டாரத்து மக்கள். மாநில அரசு ஆடித் திருவாதிரையை அரசு விழாவாக்கியது அதற்குப் பிறகுதான். 2025 ஜூலையில் பிரதமரே வந்தார்.

கோயிலையும் தேரையும் காக்கப் பணமில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மரபுச் சின்னப் பாதுகாப்பும் அதில் அடக்கம். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் நல்ல மனதோடு வரும் பணமும் கெடுத்துவிடும். கல்வெட்டின்மேல் பெயிண்ட் ஏறியிருக்கிறது. கருங்கல் தளத்தின்மேல் வழவழவென்று டைல்ஸ், அதில் மழைக்குப் பாட்டிமார் வழுக்கி விழுகிறார்கள். என்ன வேண்டும் என்று ஊரை யாரும் கேட்கவில்லை. ஊரும் எழுதித் தரவில்லை.

எழுதித் தரத்தான் உங்களைக் கேட்கிறேன். கல்வெட்டுகளைப் போட்டோ எடுங்கள். மண்டகப்படி முறை எந்த வீட்டு நோட்டில் இருக்கிறது, பறையடிப்பவருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் என்ன கூலி என்று விசாரியுங்கள். வடத்தைத் தொடவிடாமல் யாரையாவது ஒதுக்கி வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஊர் என்றால் எல்லாத் தெருவும்தான். அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானமாக வையுங்கள். நகலைக் கோயில் செயல் அலுவலருக்கும் ஆட்சியருக்கும் சிமெண்ட் ஆலைக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கிராமசபையிலும் எழுந்து நின்று கேளுங்கள்.