பாரமானியைத் தேடிய படகோட்டி



அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனைப் படத்திலாவது பார்க்காதவர்கள் நம்மிடையே குறைவு. கொலராடோ ஆறு வறண்ட நிலத்தை அறுத்து உண்டாக்கிய பெரும் பள்ளத்தாக்கு அது. ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். ஆனால் 1869 வரை அந்நாட்டு வரைபடத்தில் அப்பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே கிடந்தது.

அவ்வாண்டு மே 24-ஆம் தேதி, ஜான் வெஸ்லி பவல் ஒன்பது பேருடன் நான்கு படகுகளில் புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர் அவர்.

ஜூன் மாதத்தில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. உணவும் உடையும் வெள்ளத்தோடு போயின. நாமாக இருந்தால் முதலில் அரிசி மூட்டையைத்தான் தேடியிருப்போம். பவல் தவித்ததோ பாரமானிகளுக்காக! உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும், பாரமானியின் பாதரசம் இறங்கும். ஆறு எவ்வளவு தாழ்வில் ஓடுகிறது, மலை விளிம்பு எவ்வளவு உயரம் என்பதை அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அது போனால் பயணமே வீண். மறுபடி சிதைந்த படகை எட்டிப் பிடித்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பாரமானி கிடைத்துவிட்டதென்று பவல் மகிழ்ந்தார். கிடைத்தது உண்மைதான். ஆனால் அவர்கள் கூச்சலிட்டது கூடவே அகப்பட்ட விஸ்கி பீப்பாய்க்காக!

ஆகஸ்ட் 28-ஆம் தேதி உணவு தீரும் நிலை. எதிரே மிரட்டும் நீர்ச்சரிவு. மூவர் இனி ஆற்றில் வரமாட்டோம் என்று மலையேறிப் போனார்கள். பயணத்தில் வரைபடம் தீட்டி வந்த ஓரமல் ஹவ்லண்டும் அவர்களில் ஒருவர். மூவரும் கொல்லப்பட்டனர். கொன்றவர் யார் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. மற்றவர்களோ இரண்டே நாளில் பள்ளத்தாக்கைக் கடந்துவிட்டார்கள்! நினைத்தால் மனம் கனக்கிறது.

பாரம் குறைக்க, அரும்பாடுபட்டு மீட்ட பாரமானிகளையும் பவல் அந்தப் பாறையிலேயே விட்டுச் சென்றிருந்தார்.

ஆகவே 1871-இல் மீண்டும் புறப்பட்டார். இம்முறை அளவைப் பணி அவருடைய மைத்துனர் தாம்சனிடம். கனாப் என்ற சிற்றூரின் அருகே சமநிலத்தில் ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளந்தார்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள சிகரத்தை நோக்கிக் கோணம் எடுத்தால், போகாத இடத்தின் தூரமும் கணக்கில் வந்துவிடும். 1872-73 குளிர்காலத்தில், கனாப்பில் ஒரு கூடாரத்துக்குள் முதல் வரைபடம் உருவானது. பயணத்தில் சேர்ந்தபோது 17 வயதே ஆகியிருந்த டெல்லன்பா என்ற இளைஞர், அதைத் தகரக் குழாயில் அடைத்து சால்ட் லேக் சிட்டிக்கு எடுத்துச் சென்றார்.