குண்டுக்கு எதிரி யார், பிள்ளை யார் என்று தெரியுமா?

(புதுக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கண்ணோடு சிலர் வந்திருக்கிறீர்கள். நடவு முடித்து, காலில் சேறு காயாமல் சிலர் வந்திருக்கிறீர்கள். கூலிப் பிரச்னையைப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது அடுத்த கூட்டத்துக்கு. இன்று பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

யுத்தத்தில் சாகும் குழந்தைகளைப் பற்றிச் சொன்னால், "அது எங்கோ வியட்நாமில் நடந்தது, பாலஸ்தீனத்தில் நடக்கிறது, நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கோவா? நார்த்தாமலை எங்கே இருக்கிறது? 2021 டிசம்பர் 30ந் தேதி காலை, அங்கே தாத்தா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையனின் தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தும் பலனில்லை. 2022 ஜனவரி 3ந் தேதி பையன் இறந்தான். சர்க்கார் 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஜனங்கள் தெருவில் இறங்கியதும் பயிற்சியை நிறுத்திவைத்தார்கள்.

நாட்டில் யுத்தம் இல்லை, கலவரம் இல்லை. ஆனாலும் சோற்றில் கை வைத்த பிள்ளை செத்தான். சுடுதளத்தைக் கூலிக்காரன் ஊருக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள். பங்களாக்களுக்குப் பக்கத்தில் வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

சமாதான காலத்திலேயே இப்படி என்றால் யுத்தம் நடந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்? கடலுக்கு அக்கரையில் இலங்கையைப் பாருங்கள். 1995 செப்டம்பர் 22ந் தேதி வடமராட்சி நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்தின் மேல் விமானம் குண்டு போட்டது. மாணவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். 2006 ஆகஸ்டு 14ந் தேதி முல்லைத்தீவு செஞ்சோலையில் ஐம்பது பெண் பிள்ளைகளுக்கு மேல் மாண்டார்கள். "அது பயிற்சி முகாம்" என்றது கொழும்பு சர்க்கார். செத்தவர்கள் பள்ளி மாணவிகள்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நாம் கைதட்டல் வாங்கப் போவதில்லை. விடுதலைப் புலிகளும் பிள்ளைகளைப் பிடித்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். யுனிசெப் பதிவு செய்த கணக்கே 5,000க்கு மேல். எல்லைக் கிராமங்களில் சிங்களக் குடியானவர்களின் குழந்தைகளும் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். பெற்ற வயிறு எந்தப் பாஷை பேசினாலும் ஒன்றுபோலத்தான் எரியும்.

அந்தத் தீயிலிருந்து 1983 முதல் ஓடிவந்தவர்கள் நம் ஜில்லாவிலேயே இருக்கிறார்கள். லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை முகாம்கள் உங்களுக்குத் தெரியும். நம்மோடு வெள்ளையடிக்க வருகிறவர், சித்தாள் வேலைக்கு வருகிற அம்மா அங்கிருந்துதான் வருகிறார்கள். முகாம்களில் இருப்பவர்களில் பலர் மலையகத்தார். நம் பாட்டனோடு இந்தச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன கூலியின் பேரப்பிள்ளைகள் அவர்களில் உண்டு. அந்நியர் என்று யாரைச் சொல்லுவது?

அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் நிலைமையைக் கேளுங்கள். அது குண்டுச் சத்தமே கேட்டதில்லை. பிறந்தது நம் சர்க்கார் ஆஸ்பத்திரியில். படித்தது நம் பள்ளிக்கூடத்தில். ஆனாலும் இந்த நாட்டுப் பிரஜை இல்லை! 1987 ஜூலை 1ந் தேதிக்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே பிரஜை. அதற்குப் பின் பிறந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றார்கள். 2004க்குப் பின் அதையும் இறுக்கினார்கள். 2019ல் சட்டத்தைத் திருத்தி மூன்று நாட்டாருக்குக் கதவைத் திறந்தார்கள். அந்த ஜாபிதாவில் இலங்கை இல்லை.

2021ல் தமிழ்நாட்டு சர்க்கார் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 7,469 வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தது. உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், குழந்தைக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் இன்ஜினியரிங் படித்த பையன் பிரஜையாக இல்லாமல் எந்த சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடுவான்? அண்ணன் படித்துவிட்டு பெயிண்ட் பிரஷ்ஷைத் தூக்குவதைப் பார்க்கிற தம்பி எட்டாவதிலேயே நின்றுவிடுகிறான். 2009ல் முடிந்த யுத்தம் அவன் வீட்டில் இன்னும் முடியவில்லை.

குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் இந்திய சர்க்கார் 1992ல் சேர்ந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தேசியம் வேண்டும் என்பதும், யுத்தத்தில் அடிபட்ட குழந்தையைத் தேற்றிக் கரையேற்ற வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதைச் செய்யச் சொல்கிறோம்.

நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை அந்தப் பிள்ளையை "அகதி" என்று கூப்பிடுகிறான். எங்கே கற்றான்? நம் திண்ணையில்தான். குடித்துவிட்டு வந்து பிள்ளையைப் பெல்ட்டால் அடிக்கிற தகப்பனும் நம்மில் உண்டு. சங்கத்தில் இருக்கிறவர் என்பதற்காக அவரை நாம் விட்டுவிடக் கூடாது. எந்தக் குழந்தை அடிபட்டாலும் 1098க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கொல்லைக்கும் லேணாவிளக்குக்கும் போகிறோம். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பெயரை, அவர்கள் பெற்றோர் சம்மதத்தோடு எழுதி வாங்குவோம். மறுநாள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். பள்ளியில் திரும்பச் சேர்க்கக் கோரி ஒரு மனு, பிரஜா உரிமை கோரி டில்லிக்கு அனுப்ப ஒரு மனு, குடியிருப்புக்குப் பக்கத்தில் சுடுதளம் கூடாது என்று ஒரு மனு. பகல் ஷிப்டுக்காரர்கள் லீவு சொல்லிவிடுங்கள். வயல் வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டால் நல்லது. பத்து மணிக்கு வரிசை நீண்டுவிடும்.