மூடும் இழை, மூடாத வட்டம்



ஜென் வட்டத்தையும் நம் கோலத்தையும் சேர்த்து ஆராய மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டில் கூடியிருக்கிறோம். சப்பானியத் துறவி சென்காய் (1750–1837) தூரிகையால் ஒரு வட்டம் போட்டு, அதைத் தின்றுவிட்டுத் தேநீர் குடிக்கும்படி பார்ப்பவருக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தார். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இருக்கும் இம்மலையில் சென்காயை நினைப்பது பொருத்தம்தான்.

'என்ஸோ' எனப்படும் அந்த வட்டத்தைத் துறவி பெரும்பாலும் ஒரே இழுப்பில் போடுகிறார். மை தாளில் ஊறிவிட்டால் திருத்த வழியில்லை. தூரிகை வறண்ட இடம், கை நடுங்கிய இடம், முனைகள் சேராமல் நின்ற இடம் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் அவர் மனம் இருந்த நிலையை அவை காட்டும் என்பது ஜென் மரபு.

சிக்குக்கோலத்தின் வழி வேறு. இழை ஒன்றோ பலவோ, புள்ளிகளைத் தொடாமல் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர வேண்டும். வாய் திறந்த கோட்டை நம் பாட்டிமார் ஒப்பமாட்டார்கள். துறவியின் கவனம் ஒரு மூச்சில் திரள்கிறது. கோலம் போடுகிறவளின் கவனமோ அடுத்த நாலு வளைவை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு நகர்கிறது. ஆகவே, ஜென் மரபின் முதல் குருவாகச் சொல்லப்படும் போதிதருமர் காஞ்சியிலிருந்து சீனாவுக்குப் போனார் என்ற மரபுக் கதையை வைத்து இரண்டுக்கும் உறவு கொண்டாடுவதை நான் ஏற்கவில்லை. இரண்டும் தனித்தனியே பெரியவை.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1974-இல் கோலத்துக்குக் கணித இலக்கணம் வகுத்தார். கோலத்தில் ஒழுங்கான விதிகள் உண்டு என்பதை உலகம் அறிந்தது. விதியைக் கையில் வைத்திருந்த பெண்களை யார் அறிந்தார்கள்? சென்காயின் பெயரும் ஆண்டும் நமக்குத் தெரியும். அவர் வட்டங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. விடியுமுன் எழுந்து, தோட்டக் குடியிருப்பான லயத்தின் வாசலைத் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு ஓடிய பெண்களின் பெயர்களை நூல்களில் காண்பது அரிது. அவர்களுக்கு அது ஓய்வுநேரத் தியானம் அல்ல. கொழுந்துக்கூடையைத் தூக்குவதற்கு முன், அன்றைய நாளில் தங்களுக்கென்று செய்துகொண்ட ஒரே வேலை அதுவாகவும் இருந்திருக்கலாம். மனக்கவனம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமைதியான அறையையே நினைக்கிறார்கள். அவசரத்துக்கு நடுவே நிலைத்து நின்ற இந்தக் கவனத்தை யாரும் ஆராயவில்லையே என்பது என் ஆதங்கம்.

இன்று இங்கே கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் குடும்பங்களில் பலவும் நகரங்களுக்குப் போய்விட்டன. தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலம் போடுகிறார்கள், அழகாகவே இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கொருமுறை. தினமும் போட்டுத் தினமும் அழியவிட்ட பழக்கத்தைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துவருகிறார்கள்.

ஆதலால் நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை. தோட்டங்களிலிருந்து வந்து முன்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் புள்ளி வைத்து இழை இழுப்பார்கள். எந்த இடத்தில் ஏன் திரும்புகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்போம். கட்டுரையாளர்கள் அதன்பின் மேடைக்கு வரலாம். குறிப்பெடுப்பவர்கள், அந்தத் தாய்மார்களின் அனுமதியோடு, ஒவ்வொருவர் பெயரையும் கோலத்தோடு சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டுகிறேன்.