மாறுதல் வேண்டுவோரும் வேண்டாதாரும்

ஒரு கட்சியில் இரு சாரார் கொள்கையில் மாறுபட்டு நிற்கும்போது, வாக்கெடுத்துப் பெரும்பான்மையோர் முடிவுக்கு மற்றவர் கட்டுப்படுவதுதானே முறை என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். தோற்றவர் மகாசபையின் தலைவராகவே இருந்துவிட்டால் என் செய்வது? 1922-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கயாவிற் கூடிய காங்கிரஸ் மகாசபையில் அதுவே நேர்ந்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில் சௌரி சௌராவில் நிகழ்ந்த கொலைகளுக்குப் பின் காந்தியடிகள் போராட்டத்தை நிறுத்தினார். மார்ச்சில் ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இனிச் செய்வது யாது என்ற கேள்வி எழுந்தது. சட்டசபைகளுக்குட் புகுந்து, உள்ளிருந்தே ஆட்சியைத் தடுப்போம் என்றனர் தேசபந்து தாஸும் பண்டித மோதிலால் நேருவும். பகிஷ்காரத்தைக் கைவிடுதல் ஒத்துழையாமையையே கைவிடுதலாகும் என்றார் ராஜாஜி. நிலைமையை ஆராயக் காங்கிரஸ் நியமித்த குழுவில் அறுவர் இருந்தனர்; சட்டசபைப் பிரவேசம் பற்றி மூவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். பிளவு குடும்பத்துக்குள்ளும் புகுந்தது. விட்டல்பாய் படேல் மாறுதல் வேண்டுவோர் பக்கம். அவர் தம்பி வல்லபபாய் மாறுதல் வேண்டாதார் பக்கம்.

கயாவில் வந்திருந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ராஜாஜியின் பக்கம் வாக்களித்தனர். தலைமை வகித்த தாஸ் பதவியைத் துறந்தார். ஆயினும் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1923 ஜனவரி முதல் நாள் தோன்றிய சுயராஜ்யக் கட்சி, காங்கிரஸுக்குள்ளேயே இயங்கும் கட்சியாகவே அமைந்தது. சமரசத்துக்கு இடமிருந்தது அதனால்தான்.

முதல் முயற்சி பயன் தரவில்லை. அவ்வாண்டு மே மாதம் பம்பாயிற் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, சட்டசபைப் பிரவேசத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்யலாகாது என்று தீர்மானித்தது. வென்றவரின் வாயைக் கட்டியதேயன்றி, அவருடைய மனச்சாட்சிக்கு அத்தீர்மானம் மதிப்பளிக்கவில்லை. மாறுதல் வேண்டாதார் காரியக் கமிட்டியிலிருந்து விலகினர்.

செப்டம்பரில் டில்லியில் விசேஷ மகாசபை கூடியது. இரு சாராரில் எவரையும் சாராது நின்ற மௌலானா அபுல் கலாம் ஆசாத் தலைமை தாங்கினார்; அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதும் நிரம்பவில்லை. அங்கு நிறைவேறிய தீர்மானத்தின் அமைப்பை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். சட்டசபைக்குச் செல்லுமாறு அது எவருக்கும் கட்டளையிடவில்லை. செல்லாதே என்று தடுக்கவுமில்லை. சமயத்தாலோ மனச்சாட்சியாலோ தடையில்லாத காங்கிரஸ்காரர் தேர்தலுக்கு நிற்கலாம், வாக்களிக்கலாம் என்றது. எதிர்ப் பிரசாரத்தை நிறுத்தி வைத்தது. பம்பாயில் கசந்த அதே நிபந்தனைதான். ஆனால் இம்முறை, விலகி நிற்பவன் மனச்சாட்சியால் நிற்கிறான் என்று தீர்மானமே ஒப்புக்கொண்டது. கயாவில் தாம் கூறியது தவறென்று ராஜாஜி சொல்ல வேண்டியதில்லை, தாஸும் அவ்வாறே. இதனை மழுப்பல் என்பாருமுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பெரும்பான்மையைக் கையில் வைத்திருந்தவர்கள் அதனைப் பயன்படுத்தாமல் விட்டது சிறு விலையன்று.

பயன் விரைவிலேயே தெரிந்தது. நவம்பர் மாதத் தேர்தலில் மத்திய சட்டசபையிற் சுயராஜ்யக் கட்சியினர் பெருங்குழுவாக அமர்ந்தனர். வங்கத்தில் மந்திரி பதவி ஏற்க அழைத்தபோது தாஸ் மறுத்துவிட்டார். வெளியே நின்ற வல்லபபாயோ அவ்வாண்டில் நாகபுரிக் கொடிப் போரையும், அதன்பின் போர்ஸத் வரி மறுப்பையும் நடத்தினார். இரு வழியிலும் வேலை நடந்தது.

1924 பிப்ரவரியில் காந்தியடிகள் விடுதலையானார். காங்கிரஸ் பதவி வகிப்போர் மாதந்தோறும் 2,000 கெஜம் நூல் நூற்றனுப்ப வேண்டும், தவறினால் பதவி இழக்க வேண்டும் என்று ஜூன் மாதம் ஆமதாபாத்தில் தீர்மானம் கொணர்ந்தார். தாஸும் மோதிலாலும் தம் குழுவினருடன் எழுந்து வெளியேறினர். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் வெளியேறியவரையும் சேர்த்து எண்ணினால் அது தோற்றிருக்கும் என்று கண்ட அடிகள், தண்டனைப் பகுதியைத் தாமே நீக்கிக்கொண்டார். சபையில் இல்லாதவருடைய வாக்கையும் எண்ணிய அச்செயலே, நம் கருத்தில், பின்வந்த உடன்பாட்டின் தொடக்கமாகும்.

அக்டோபர் 25-ஆம் நாள் வங்கத்தில் அவசரச் சட்டம் பிறந்தது. சுபாஷ் சந்திர போஸ் உள்ளிட்ட பலர் சிறைப்பட்டனர். அடி ஒரு சாரார் மீது விழுந்தபோது மற்றவர் விலகி நிற்க முடியவில்லை. நவம்பரில் கல்கத்தாவில் காந்தியடிகள், தாஸ், மோதிலால் மூவரும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். டிசம்பரில் அடிகளே தலைமை வகித்த பெல்காம் மகாசபை அதனை ஏற்றது. அந்நியத் துணி மறுப்பு நீங்கலாக ஒத்துழையாமை நிறுத்தி வைக்கப்பட்டது. சுயராஜ்யக் கட்சியினர் சட்டசபைப் பணியைக் காங்கிரஸின் பெயராலேயே செய்யலாயினர். அதற்கு ஈடாக, நாலணாச் சந்தாவின் இடத்தில் மாதம் 2,000 கெஜம் நூல் வந்தது. நூற்க விரும்பாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம்.

இந்த நூல் நிபந்தனையே உடன்படிக்கையின் நலிந்த இடம். டில்லியில் இசைவு கொடுக்கப்பட்டது. பெல்காமிலோ நம்பாதவர் மீது ஒரு கடமை சுமத்தப்பட்டது. விலைக்கு வாங்கிய நூலைக் கொடுத்து உறுப்பினராவதில் நூற்பவனுக்கும் மகிழ்ச்சியில்லை, வாங்குபவனுக்கும் மகிழ்ச்சியில்லை.

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில், டார்ஜிலிங்கில் நோயுற்றிருந்த தாஸுடன் அடிகள் சில நாட்கள் தங்கியிருந்தார். 16-ஆம் நாள் தாஸ் காலமானார். அடிகள் வங்கத்திலேயே தங்கி அவருடைய நினைவு நிதிக்குப் பொருள் திரட்டினார். செப்டம்பரில் பாட்னாவிற் கூடிய கமிட்டி நூலையோ நாலணாவையோ, விரும்பியதைக் கொடுக்கலாம் என்று விதித்தது; அரசியற் பணியைச் சுயராஜ்யக் கட்சியினரிடம் விட்டது; கதர்ப் பணிக்கெனத் தனியே நூற்போர் சங்கம் அமைந்தது. கயாவில் வென்ற ராஜாஜி அப்போது திருச்செங்கோட்டருகே தாம் தொடங்கிய ஆசிரமத்திற் கதர்ப் பணியில் ஈடுபட்டிருந்தார்.