மதமும் வழக்கமும்

மதம் ஒழுக்கத்தின் வேர் என்பர், உண்மையே. ஆயினும் பழைய வழக்கமெல்லாம் மதமாகிவிடா. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஆண்மக்களுக்கென்றிருந்த மகாராஜா கல்லூரியிற் பயின்று, 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் வாதாடினார். இதே சமஸ்தானத்துத் திருமயத்திற் பிறந்த சத்தியமூர்த்தி அவர்களோ, மரபின் பெயரால் அதனை எதிர்த்தார். 1947-ல் தடைச்சட்டம் நிறைவேறிற்று. அதனாற் கோயில் விளக்குகள் அவிந்தனவோ? பூசைதான் குன்றிற்றோ? இல்லையே! வழக்கம் ஒழிந்தும் பக்தி நிலைத்தது.

ஆகையால், "நம் குல வழக்கமன்று" என்று பெண்ணின் படிப்பை இடையில் நிறுத்தும் பெற்றோரை வணங்கிக் கேட்கிறேன்: அப்படிச் சொல்வது தெய்வமா, நம் அச்சமா? பிள்ளைக்குத் தெய்வ பக்தியோடு கல்வியும் ஊட்டுவதே நம் கடமையாகும்.