குதிரைக்குச் சினை ஊசி

கறவை மாடு வளர்ப்பவர்களுக்குச் சினை ஊசி புதிதல்ல. மாடு கத்தினால் மருந்தகத்துக்குப் போன் போகிறது. ஆள் வருகிறார், உறைவிந்துக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் இளக்குகிறார், சில நிமிடங்களில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். குதிரையிடம் இந்த வேலை அவ்வளவு லேசில் நடக்காது.

பசுவின் சினைப்பருவம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். பெண் குதிரைக்கு அது ஐந்து முதல் ஏழு நாள் வரை நீளும். கருமுட்டை வெளியாவது அதன் கடைசியில்தான். உறைவிந்தோ இளக்கிய பிறகு அதிக நேரம் தாங்காது. கருமுட்டை வெளியாவதற்கு முந்தைய 12 மணி நேரம், வெளியான பிறகு 6 மணி நேரம், இதற்குள் போட்டாக வேண்டும். அதனால் மருத்துவர் ஸ்கேன் கருவியோடு லாயத்திலேயே குடியிருக்க வேண்டியதுதான். கருமுட்டைப் பை 35 மில்லிமீட்டரைத் தாண்டியதும் ஹார்மோன் ஊசி. அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளியாகும். அந்த நேரம் நெருங்கினால் இரவு, நடுநிசி, விடியற்காலை என்று ஆறு மணிக்கொரு தரம் ஸ்கேன். இந்தக் கலையின் உயிர் ஊசியில் இல்லை, இந்தக் காத்திருப்பில் இருக்கிறது என்பேன்.

விந்து எடுப்பது இன்னொரு வித்தை. நான்கு கால் வைத்த பீப்பாய் போல, பஞ்சு அடைத்துத் தோல் போர்த்திய ஒரு பொம்மைக் குதிரை. பொலிகுதிரை அதன்மேல் ஏறப் பழக்கப்படுத்தப்படுகிறது. பக்கத்தில் நிற்பவர் கையில் வெந்நீர் நிரப்பிய ரப்பர் உறை. நீரின் சூடு உடல் சூட்டைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். ஆறினால் குதிரை இறங்கிவிடும், சுட்டால் மறுமுறை கிட்டவே வராது. உதைக்குத் தப்பி நிற்பதும் தொழிலில் சேர்த்திதான். குதிரையின் வால் விட்டுவிட்டு மேலும் கீழும் ஆடினால் காரியம் முடிந்தது என்று அடையாளம். எடுத்ததை வடிகட்டி, நுண்ணோக்கியில் அணுக்களின் ஓட்டம் பார்த்து, கொழுப்பு நீக்கிய பாலும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசலில் கலப்பார்கள். மெல்ல மெல்ல 5 டிகிரிக்குக் குளிரவைத்தால் ஓரிரு நாள் தாங்கும். வெகுகாலம் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்.

சினை ஊசியை ஒரு முறையாக நிலைநிறுத்தியவர் ரஷ்யாவின் இல்யா இவானோவ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இயற்கையாக இருபது முப்பது பெண் குதிரைகளுக்கு உதவும் ஒரு பொலிகுதிரையைக் கொண்டு ஐந்நூறு வரை சினைப்படுத்தலாம் என்று காட்டினார்.

இன்று ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளின் விளையாட்டுக் குதிரைகளில் இதுதான் வழக்கமான முறை. டிரஸ்ஸாஜ் என்ற நடைப் போட்டியில் உலகையே அசத்திய டோட்டிலாஸ் 2020 டிசம்பரில் இறந்துபோனது. அதன் உறைவிந்து அதற்குப் பிறகும் இருப்பில் இருந்தது.

ஆனால் பந்தயக் குதிரையான தரோபிரெட் உலகில் இதற்கு இடமே இல்லை. ஊசியில் பிறந்த குட்டியை வம்சப் பதிவேட்டில் ஏற்க மாட்டார்கள், பதிவு இல்லாமல் பந்தயமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் புரூஸ் மெக்ஹியூ என்பவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார், 2012 டிசம்பரில் தோற்றார். இதனால் நடப்பது என்ன? விந்தைப் பெட்டியில் அனுப்புவதற்குப் பதிலாகப் பொலிகுதிரையையே விமானத்தில் ஏற்றி, உலகின் வடபாதியில் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்ததும் தெற்கே கொண்டுபோகிறார்கள். இயற்கையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு குதிரைக்கு டிக்கெட் எடுப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. இயற்கைச் சேர்க்கை இருக்கும்வரை குட்டிகளின் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்கும், கட்டணமும் விலையும் இறங்காது. தடையின் உள்கணக்கில் இதுவும் சேர்த்தி.

நோய் விஷயத்தில் இரு பக்கமும் பேசலாம். 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் இணைசேர்க்கையால் பரவும் ஒரு கருப்பை அழற்சி நோய் பண்ணைகளைக் கலங்கடித்தது. ஊசி முறையில் நேரடித் தொடர்பு இல்லாததால் அந்த ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2008இல் அமெரிக்காவில் அதே நோய் தலைகாட்டியபோது, விந்து சேகரிக்கும் இடங்களில் கருவிகளின் சுத்தக் குறைவுதான் பெரும்பாலும் காரணம் என்று தெரிந்தது.

இதைவிடப் பெரிய கவலை எண்ணிக்கை. ஒரே தகப்பனுக்கு ஊரெல்லாம் பிள்ளைகள் என்றால், அதன் மரபில் ஒளிந்திருக்கும் குறையும் ஊரெல்லாம் பரவும். அமெரிக்காவின் குவார்ட்டர் இனத்தில் இம்ப்ரெசிவ் என்ற அழகான பொலிகுதிரையின் வாரிசுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. தசை திடீரென நடுங்கிச் செயலிழக்கும் ஒரு பரம்பரை நோயும் அதன் வழியில் கூடவே வந்தது. இந்த ஆபத்துக்கு ஊசிதான் வேண்டும் என்பதில்லை. தரோபிரெட்டில் இயற்கைச் சேர்க்கையிலேயே ஒரு பருவத்துக்கு 200 பெண் குதிரைகளைத் தாண்டும் பொலிகுதிரைகள் உண்டு. 140 என்று வரம்பு வைக்க அமெரிக்க ஜாக்கி கிளப் 2020இல் விதி கொண்டுவந்தது, எதிர்ப்பும் வழக்கும் வரவே 2022இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் நாட்டில் ராஜஸ்தானின் பிகானேரில், தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில், சுத்தமான மார்வாரி இனம் அருகி வருவதால் சினை ஊசி வேலை நடக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒரு மார்வாரியின் கருவை வாடகைத் தாய்க்கு மாற்றி ராஜ் பிரதமா என்ற பெண் குட்டியைப் பெற்றார்கள். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அந்த இனத்துக்கு இத்தகைய தொழில்நுட்பம் கட்டாயம் தேவை. ஆனால் பரிசு வென்ற நாலைந்து பொலிகுதிரைகளின் உறைவிந்தையே எல்லோரும் கேட்டு வாங்கினால், காப்பாற்றப் போய் இனத்தைக் குறுக்கியதாகிவிடும். பெயர் பெறாத பல பொலிகுதிரைகளிடமும் விந்து எடுத்துச் சேமித்து, ஒன்றுக்கு இத்தனை குட்டிதான் என்று வரம்பு போட்டுவிட்டுப் பிறகு ஊசியைக் கையில் எடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது.